கவலைப்பாட்டும் மாரிப்பாட்டும்: பள்ளிபாளையம் வட்டாரத்து ஊர்ப்பாட்டுகளை முன்வைத்து ஜார்ஜ் தாம்சனுக்கு ஒரு மறுப்பு

பாடினால் மழை வரும், பாடினால் அம்மை இறங்கும், பாடினால் ஆறு பெருகும் என்று ஓர் ஊரே கூடிப் பாடியதை எப்படி விளங்கிக்கொள்வது? தமிழ் ஆய்வுலகில் இதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் ஒரே விடைதான் புழங்குகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் தாம்சன், 1945-இல் வெளியிட்ட 'மார்க்சியமும் கவிதையும்' என்ற சிறுநூலில் சொன்ன விடை அது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அவரிடம் ஆய்வு செய்தவர்கள். கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வும் (1968), பண்டைத் தமிழர் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் நூலும் (1981) அந்தப் பட்டறையில் உருவானவை. அவர்கள் வழியாகவும், நா. வானமாமலையும் அவருடைய 'ஆராய்ச்சி' இதழும் வளர்த்த மார்க்சிய நாட்டார் ஆய்வு மரபின் வழியாகவும் தாம்சனின் கருத்து நம்மிடையே ஊறிவிட்டது. அவர் பெயரைச் சொல்லாமலே அவரைத் திருப்பிச் சொல்லும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை.

அவர் சொன்னதை முதலில் நியாயமாக எடுத்துவைக்க வேண்டும். தொல்குடி மனிதனின் கருவிகள் வலுவற்றவை. கருவியால் ஆகாததை அவன் ஆடிப் பாடி ஆக்கப் பார்க்கிறான். மெய்யான தொழில்நுட்பம் எட்டாத இடத்தை மாயையான தொழில்நுட்பம் நிரப்புகிறது. இதற்கு அவர் தரும் சான்று, மாவோரிப் பெண்களின் உருளைக்கிழங்கு ஆட்டம். இளம்பயிரைக் கீழைக்காற்று கெடுத்துவிடும் என்று அஞ்சி, பெண்கள் வயலுக்குப் போய்க் காற்றையும் மழையையும் முளைப்பையும் பூப்பையும் உடலால் நடித்துக் காட்டிப் பயிரையும் அப்படியே செய்யும்படி பாடுகிறார்கள். இதனால் கிழங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. பெண்களுக்கு ஆகிறது. ஆட்டம் முடிந்து ஊக்கத்தோடு பயிரைப் பேணுகிறார்கள், விளைச்சல் கூடுகிறது. மானிடவியலர் பிரேசர் மந்திரத்தைப் பிழைபட்ட அறிவியல் என்று ஒதுக்கினார். தாம்சன் அப்படிச் செய்யவில்லை. மந்திரம் மனிதன் வழியாக இயற்கையை மாற்றுகிறது என்றார். இது பிரேசரைவிடப் பல படி மேலான கருத்து. அதனால்தான் இத்தனை காலம் நின்றது.

ஆனால் இதிலிருந்து ஒரு வரலாற்று வரிசையும் பிறக்கிறது. மெய்யான தொழில்நுட்பம் வளர வளர மாயையானது உதிரும், சடங்கிலிருந்து பாட்டு கழன்று வெறும் கவிதையாகும். உழைப்போடு ஒட்டிய பாட்டோ உழைப்பு இருக்கும்வரை இருக்கும். அதாவது மந்திரப்பாட்டு முன்னே போக வேண்டும், தொழிற்பாட்டு பின்னே போக வேண்டும். காவிரியின் கிழக்குக் கரையில் ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிபாளையத்தையும், வடக்கே குமாரபாளையத்தையும், கிழக்கே திருச்செங்கோட்டு மேட்டுநிலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. என் மறுப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே முதலில் செத்தது தொழிற்பாட்டுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் கிணற்றுப் பாசனம். கிணற்றிலிருந்து நீரை மேலேற்றியது கவலை. எருதுகள் சரிவில் இறங்கும்போது தோல்பறி நிறைந்து மேலே வரும். ஓட்டுபவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். பறி வாய் திறந்து தொட்டியில் கொட்டியதும் எருதுகளைப் பின்னுக்கு நடத்தி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இதுவேதான். பாட்டின் அடி எருதின் நடைக்கு அளந்தது: இறக்கத்தில் ஓர் இழுப்பு, ஏற்றத்தில் ஓர் அதட்டல். 1930-களில் பைக்காரா மின்சாரமும் 1937-இல் மேட்டூர் மின்சாரமும் வந்தன. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கிணற்று மேட்டில் மோட்டார் உட்கார்ந்தது. கவலை போயிற்று, பாட்டும் கூடவே போயிற்று. எருதின் நடை இல்லாமல் அந்தப் பாட்டை எதற்காகப் பாடுவது? தறிக்கும் இதே கதைதான். கைத்தறிக் குழியில் உட்கார்ந்து ஒருவர் முணுமுணுக்கலாம். விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

தாம்சனின் கணக்குப்படி இவற்றுக்கு முன்பே ஒழிந்திருக்க வேண்டிய மாரிப்பாட்டு இன்னும் நிற்கிறது. (மாரி என்று மழையையும் அம்மனையும் சேர்த்தே சொல்கிறேன். ஊர் வழக்கில் இரண்டையும் பிரிப்பது கடினம்.) இது வெறும் எச்சமா, அல்லது நாம் அதைப் புரிந்துகொண்ட விதத்தில் ஏதோ பிசகா?

மழையை எடுத்துக்கொள்வோம். பிரேசர் தம் நூலில், சென்னை மாகாணத்துக் காப்பு சாதிப் பெண்கள் முறத்தில் தவளையைக் கட்டி வேப்பிலை பரப்பி, வீடு வீடாகப் பாடிச் சென்று அதன்மேல் தண்ணீர் ஊற்றச் செய்ததை எடுத்துக்காட்டியிருக்கிறார். போலச் செய்தலுக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட மழைச்சோறு அப்படிப்பட்டதல்ல. அதில் மழையை நடித்துக் காட்டுவதே இல்லை. பெண்கள் கூடையோடும் சட்டியோடும் வீடு வீடாகப் போய்ச் சோறோ கூழோ கேட்கிறார்கள். பத்து ஏக்கர் தோட்டக்காரி வீட்டுப் பெண்ணும் அன்றைக்குப் பிச்சைக்காரிதான். ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கி, பெரும்பாலும் உப்பில்லாமல், ஊர் எல்லையில் உட்கார்ந்து உண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். சில ஊர்களில் மூட்டை முடிச்சோடு பஞ்சம் பிழைக்கக் கிளம்புவதாகப் புறப்படுவதும், ஆண்கள் வழிமறித்துக் கூட்டிவருவதும் உண்டு. கொடும்பாவி இழுப்பும் அப்படித்தான். வைக்கோலிலோ மண்ணிலோ ஓர் உருவம் செய்து தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஈமக் கொட்டு முழக்கி எரிப்பார்கள் அல்லது எறிவார்கள். அங்கே நடிக்கப்படுவது சாவு.

இயற்கைக்கு நடித்துக் காட்டுவதாக இருந்தால் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இவர்கள் காட்டுவது ஊரின் நிலையை. யார் வீட்டில் சோறு இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பது அந்த ஒரு நாளில் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. கேட்டவளுக்கு இல்லையென்று சொல்ல அன்றைக்கு யாராலும் முடியாது. பாட்டு வானத்தை நோக்கிப் பாடப்படுகிறது, ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் திண்ணைக்காரருக்கு. தாம்சன் இந்த இரண்டாவது முகவரியைக் கவனிக்கவே இல்லை. மாவோரிப் பெண்களுக்கு ஊக்கம் வந்தது என்றாரே தவிர, அவர்களுள் யாருக்கு யார் கட்டுப்பட்டார்கள் என்று கேட்கவில்லை. 'பவழத் தோட்டங்கள்' பற்றி 1935-இல் எழுதிய மாலினோவ்ஸ்கிக்காவது தோட்ட மந்திரக்காரன் ஊர் வேலையை ஒழுங்குபடுத்துபவனும்கூட என்பது தெரிந்திருந்தது.

இதற்கு வலுவான சோதனை 1876–78 தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டம் அதில் மிகவும் அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 1881-இல் ஏறத்தாழ 16 லட்சமாகச் சுருங்கியது. மழைக்கான தொழில்நுட்பம் என்று ஒன்று இருந்து, அது இத்தனை கோரமாகத் தோற்றிருந்தால், பிழைத்தவர்கள் அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. தோற்கக்கூடிய பொருளாக அவர்கள் அதைக் கருதவில்லை என்பதே என் ஊகம். ஊகம்தான். தாது வருஷத்தில் இங்கே என்ன பாடினார்கள் என்று யாரும் எழுதிவைத்ததாக நான் படித்ததில்லை.

அம்மை இன்னும் தெளிவான சான்று. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். 'அம்மா வெளையாடியிருக்கு' என்பார்களே தவிர நோய் என்று சொல்ல மாட்டார்கள். தாளிக்கும் வாசம் தெருவில் எழக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரியும் அன்றைக்குக் கடுகு பொரிக்க மாட்டாள். மாலையில் விளக்கேற்றி மாரியம்மன் தாலாட்டைப் படிப்பார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் மலிவுப் பதிப்பை வைத்துக்கொண்டு இழுத்துப் படிக்க, மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். தாலாட்டப்படுவது படுத்திருக்கும் குழந்தையல்ல, குழந்தையின் உடம்பில் வந்து இறங்கியிருக்கும் அம்மன். மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் என்று தலைக்கு ஊற்றும்வரை அந்த வீடும் தெருவும் ஒரே ஒழுங்கில் கிடக்கும்.

மெய்யான தொழில்நுட்பம் இங்கே முழுமையாக வென்றது. மாகாணத்தின் அம்மைப்பால் சட்டம் 1884-இல் வந்தது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மந்திரத்தின் இலக்கே இல்லாமல் போன இப்படியொரு நிலையை எந்த ஆய்வாளரும் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிவிட முடியாது. தாலாட்டு நின்றதா? சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் இடம் மாறியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பெருங்கொலை நோய் போய் அவ்வளவு கொல்லாத நோய்கள் மட்டும் மிஞ்சியபோது சடங்கும் அதற்கேற்ப இளைத்திருக்க வேண்டுமல்லவா? பங்குனியில் எதிர்க்கரை ஈரோட்டில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, முக்கிளைக் கம்பம் நட்டு, பெண்கள் விடியற்காலையில் மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டுவந்து ஊற்ற, இளைஞர்கள் கொட்டுக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடி, முடிவில் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விட்டு மஞ்சள் நீராடும் நோம்பி இளைக்கவில்லை. இத்தனைக்கும் ஈரோடு, 1925-இல் 'குடி அரசு' புறப்பட்ட ஊர். பெரியாரின் கேள்விகளை ஒரு காதில் கேட்டுக்கொண்டே மறு காதில் கம்பத்துக் கொட்டையும் கேட்ட ஊர். நோம்பி நிலைத்ததற்குத் தறிப் பணமும் போட்டியும் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. நோம்பிக்கு வீட்டுக்கு வீடு தண்டும் தலைக்கட்டு வரியை மட்டும் யாரும் மறக்க வேண்டாம். வரி கொடுத்த வீடுதான் ஊரில் ஒரு வீடு.

இந்தக் கூட்டுத்தன்மை பழையதா, அண்மைக்காலத்ததா? இங்கே சிலப்பதிகாரத்தின் ஒரு வாக்கியத்தில் நான் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன். பதிகத்தை அடுத்து வரும் உரைபெறு கட்டுரை, கண்ணகி மதுரையை எரித்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் வெப்பு நோயும் அம்மையும் பரவியதைச் சொல்கிறது. பிறகு நான்கு நாடுகள் வரிசையாக வருகின்றன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழா எடுக்கிறான். இலங்கைக் கயவாகு பலிபீடத்தோடு கோட்டம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுக்கிறான். சோழன் பெருங்கிள்ளி பத்தினிக் கோட்டம் கட்டி நித்தம் விழா நடத்துகிறான். செழியனுக்கும் கயவாகுவுக்கும் இடையே கொங்கு வருகிறது. நான்கில் மிகச் சிறிய பகுதி அதுதான். இளங்கோசர் தங்கள் நாட்டில் நங்கைக்கு விழாவோடு சாந்தி செய்தார்கள், மழை தவறவே இல்லை. அவ்வளவுதான்.

மற்ற மூன்று நாடுகளிலும் செய்தவன் ஒருவன், அவனுக்குப் பெயர் உண்டு, அவன் அரசன். கொங்கில் மட்டும் செய்தவர்கள் பலர், அவர்களுள் ஒருவருக்கும் பெயரில்லை. பலியும் கோட்டமும் அங்கே பேசப்படவில்லை. இருப்பது விழாவும் சாந்தியும் மட்டுமே. கண்ணகி வரலாற்றை ஆயும்போது இந்த வாக்கியத்தைத் தொட்டவர்கள் பெரும்பாலும் கயவாகுவின் காலத்தைக் கணக்கிடவே தொட்டார்கள். கொங்குப் பகுதியை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். அரசன் பெயர் சொல்ல முடியாத நாட்டில் மாரிக்கான சடங்கைக் கூட்டமாகச் செய்தார்கள் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு இதுவாக இருக்கலாம்.

எதிர்வாதங்களை நானே வைத்துவிடுகிறேன். வரந்தரு காதையிலும் கொங்கர் பன்மையிலேயே வருகிறார்கள். ஆனால் அங்கே பக்கத்தில் மாளுவ வேந்தரும் பெயரின்றிப் பன்மையில் நிற்கிறார்கள். ஆகவே பெயரின்மை என்பது தொலைநாடுகளைப் பற்றிய அறியாமையாக மட்டும் இருக்கக்கூடும். என் பதில்: மாளுவரை வேந்தர் என்று சொன்ன அதே அடி கொங்கரை அப்படிச் சொல்லவில்லை. வேந்தர் என்பதைக் கொங்கருக்கும் கூட்டிப் பொருள் கொண்டால் என் பதில் வலுவிழக்கும். அடுத்தது காலம். கயவாகுவை வைத்து நூலை 2-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோவோரும், வையாபுரிப் பிள்ளையைப் பின்பற்றி 8-ஆம் நூற்றாண்டுக்கு இறக்குவோரும் இன்னும் உடன்படவில்லை. உரைபெறு கட்டுரை நூலுக்குப் பின் சேர்ந்தது என்ற ஐயமும் நெடுநாளாக உண்டு. பிற்சேர்க்கை என்றாலும் என் வாதம் கெடாது. பின்னால் வந்த ஒருவர் கொங்கு என்றதும் கூட்டத்தை நினைத்தார் என்பது அப்போது இன்னும் சுவையான சான்றாகும்.

மூன்றாவது தடைதான் கடினமானது. அந்த வாக்கியத்தில் பாட்டு இல்லை. ஆனால் அதே நூலில் அரசரல்லாதார் சடங்கு செய்யும் இடங்களைப் பாருங்கள். தீக்குறி கண்ட ஆய்ச்சியர், கறவையும் கன்றும் துயர் நீங்கக் குரவை ஆடுகிறார்கள். ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரிட்டு வட்டமாக நிறுத்தியே ஆட்டம் தொடங்குகிறது. குன்றக் குறவரும் குரவையே ஆடுகிறார்கள், எயினர் கொற்றவைக்கு வரி பாடுகிறார்கள். எளிய மக்களின் சாந்தி என்றால் கைகோத்த பாட்டு என்பதே இளங்கோவின் நூல் முழுவதும் உள்ள வழக்கம். குன்றக் குரவையின் களம் திருச்செங்கோடே என்று சொல்வோர் உண்டு, மறுப்போரும் உண்டு. அது உறுதியாகிவிட்டால் எனக்கு வசதி, ஆனால் அந்த வசதியை இப்போதே எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. கோசர் விஷயத்திலும் அப்படியே. குறுந்தொகையின் 15-ஆம் பாட்டில் பறையும் சங்கும் முழங்க ஆலமரத்துப் பொதியிலில் கூடிச் சொல் தவறாது நிற்கும் நாலூர்க் கோசர் வருகிறார்கள். அவர்களும் கொங்கின் இளங்கோசரும் ஒருவரே என்றால், கொட்டு முழக்கிக் கூடி ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும் ஊரின் சித்திரம் முழுமையாகிவிடும். ஒருவரே என்று நிறுவ என்னிடம் சான்றில்லை.

கட்டுப்படுதல் என்று சொல்லும்போது அதன் கசப்பையும் சொல்ல வேண்டும். 'ஊர்கூடி' என்று நாம் எழுதும்போது ஊரில் யார் யார் அடக்கம்? கொடும்பாவிக்கும் கம்பத்துக்கும் பறை அடித்தவர்களுக்கு அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை இருந்ததில்லை. அவர்களில்லாமல் சடங்கு தொடங்காது. ஆனால் கம்பத்துக்கு நீர் ஊற்றும் வரிசையில் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு எத்தனையோ ஊர்களில் இடமிருந்ததில்லை. தாம்சன் கண்ட வர்க்கமற்ற தொல்குடிக் கூட்டம் இது அல்ல. சாதிப்படி அடுக்கப்பட்ட கூட்டம். பாட்டு அந்த அடுக்கை உடைக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை அதை எல்லோர் கண்ணிலும் நிறுத்தியது.

கடைசியாக ஆறு. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணைக்கு முன்னால் ஆடிப்பெருக்கு என்பது தென்மேற்குப் பருவமழை கொண்டுவந்த வெள்ளம். அதன்பின் அது அரசுப் பதிவேட்டில் இருக்கும் கன அடி. 1950-களில் வந்த மேட்டூர்க் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன. காவிரியின் போக்கை ஒரு மதகுச் சக்கரம் தீர்மானிக்கிறது என்பது துறையில் இறங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தே ஆடி 18 அன்று முளைப்பாலிகையை நடுவில் வைத்துக் கும்மியடித்து, காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் ஆற்றுக்குக் கொடுக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கென்று அணையில் நீர் திறக்கச் சொல்லி மக்கள் கேட்பதும் அரசு திறந்துவிடுவதும் இப்போது வழக்கம். அதாவது பாட்டு ஒரு வகையில் பலிக்கிறது: ஆறு கேட்கவில்லை, அரசு கேட்கிறது. மெய்யான தொழில்நுட்பம் மாயையானதை விரட்டவில்லை, அதற்குக் கீழ்ப்பட்டு ஒரு நாள் மதகைத் திறக்கிறது.

பாட்டை உண்மையிலேயே ஆட்டிவைத்த கருவி ஒலிபெருக்கி. 1970-களிலிருந்து எல். ஆர். ஈஸ்வரியின் குரல் கோயில்தோறும் ஒலிக்கிறது. அது நல்ல குரல், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குழாயிலிருந்து வரும் பாட்டுக்கு யாரும் பின்பாட்டுப் பாட வேண்டியதில்லை, குலவையிட வேண்டியதில்லை, வாசலில் வந்து நிற்க வேண்டியதுமில்லை. ஆறும் வானமும் கேட்காமல் போனபோது பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்டைவீட்டார் பதில் சொல்லத் தேவையில்லாமல் போனபோதுதான் அது மெலியத் தொடங்கியது. மந்திரப்பாட்டு மாயையான தொழில்நுட்பம் என்றால் இப்படி நடந்திருக்கக் கூடாது.

ஆகவே இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை தாம்சனின் வரிசை செல்லாது என்பது என் முடிவு. மற்ற வட்டாரங்களுக்கு அதை நீட்டிக்க இன்னும் தரவு வேண்டும். நம் நாட்டுப்பாடல் தொகுப்புகள் அதற்குப் போதாது. பாடல் வரிகள் அச்சாகியிருக்கின்றன. யார் கேட்டார்கள், எந்த வீடு கொடுத்தது, எந்த வீட்டுக்குள் நுழையவில்லை, பறை அடித்தவருக்கு என்ன கூலி என்பவை பெரும்பாலும் இல்லை. மழைச்சோறு எடுத்த அனுபவமுள்ள பெண்கள் திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கத்து ஊர்களில் முதுமையடைந்து வருகிறார்கள். அடுத்துக் களத்துக்குப் போகும் ஆய்வு மாணவர்கள் பாட்டைப் பதிவு செய்வதற்கு முன் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.